பாட்டுக்கு ரசிகர் சேர எந்தத் தளம்? சொந்தப் பாட்டு போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பெனி, மேனேஜர், விளம்பரப் பணம் எதுவும் இல்லாமல், ஒரு போனையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு தமிழில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், பீட் போடுகிறவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. ஆறு தளங்களில் கணக்குத் திறந்து ஆறிலும் அரைகுறையாக வேலை செய்பவர்கள்தான் அதிகம். ஆள் பிடிக்க ஒரு தளம், பாட்டு தங்க ஒரு தளம், வந்தவர்களைக் கையோடு வைத்துக்கொள்ள ஒரு பட்டியல் என்று மூன்றே போதும். அந்த மூன்று எவை என்பதுதான் இசைக்கு இசை மாறுகிறது.

ஒரே ஒரு தளத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எதை எடுப்பது?

யூடியூப். தமிழில் ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது அங்கேதான். கணக்கு இல்லாதவரும் கேட்கலாம், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டால் போதும், டிவியிலும் ஓடும். இன்று போட்ட பாட்டை மூன்று வருடம் கழித்து ஒருவர் தேடலில் கண்டுபிடிக்க முடியும். ரீல்ஸுக்கு அந்த ஆயுள் கிடையாது. பெரும்பாலான ரீல் சில நாளில் அடங்கிவிடும்.

தலைப்பில் பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். தமிழில் பேசுகிறவர்களே தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுவது வழக்கம். பாடல் வரிகள் முழுவதையும் விவரக் குறிப்பில் போடுங்கள். பெயர் மறந்து நடுவில் ஒரு வரி மட்டும் ஞாபகம் இருப்பவர் அந்த வரியைத்தான் தேடுவார்.

உங்கள் பாட்டை டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக, அதாவது பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பித் தரும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற சேவை ஒன்றின் மூலம் வெளியிட்டால், யூடியூப் உங்கள் பெயரில் தானாகவே 'டாபிக்' என்று முடியும் ஒரு சேனலை உண்டாக்கும். பாட்டு அங்கே ஒன்று, உங்கள் சேனலில் ஒன்று என்று கேட்பவர்கள் சிதறிப் போவார்கள். இரண்டையும் ஒன்றாக்கி அதிகாரபூர்வக் கலைஞர் சேனலாக மாற்றித் தரும்படி டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேளுங்கள். கேட்காமல் இருந்தால் பெரும்பாலும் நடக்காது.

அப்படியானால் இன்ஸ்டாகிராம் வேண்டாமா?

வேண்டும், ஆனால் வேறு வேலைக்கு. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். உங்களைத் தெரியாதவர் முன்னால் உங்கள் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தும் வேலையை இன்று இந்த இரண்டும்தான் செய்கின்றன.

கணக்கு வகையில் கவனம் வேண்டும். 'பிசினஸ்' என்று வைத்தால் இசை நூலகத்தில் பல பாட்டுகள் கிடைக்காது. 'கிரியேட்டர்' வகையே பாடகர்களுக்குப் பொருந்தும்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பாட்டு வெளியாகும் முன்பே அதன் ஒலியோடு ரீல் போட்டால், அது 'ஒரிஜினல் ஆடியோ' என்று உங்கள் கணக்குப் பெயரில் தனி ஒலிப் பக்கமாகிவிடும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் அதிகாரபூர்வப் பதிவுக்கு இன்னொரு பக்கம் வரும். யாராவது உங்கள் பாட்டுக்கு ஆடி ரீல் போட்டால் எந்தப் பக்கத்தில் சேரும் என்று தெரியாது, எண்ணிக்கையும் பிளந்துபோகும். முன்னோட்டத்துக்கு வெறும் குரலும் கிட்டாருமாக ஒரு வடிவம் போடுங்கள். முழுப் பதிவை வெளியீட்டு நாளில் இன்ஸ்டா நூலகத்திலிருந்தே எடுத்துச் சேருங்கள்.

ரீலில் எந்தப் பகுதியைப் போடுவது?

பாட்டின் ஆரம்பத்தை மட்டும் வேண்டாம். மேடையில் இருபது விநாடி கீபோர்டு முன்னிசைக்கு ஆள் காத்திருப்பார், கட்டைவிரல் காத்திருக்காது. பல்லவியில் சொல்லும் மெட்டும் சேர்ந்து கொக்கி போடும் இடம் எதுவோ, அதற்கு ஒரு சொல் முன்னால் தொடங்குங்கள். 15 முதல் 30 விநாடி போதும். மூன்று நிமிடம் வரை இடம் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை.

வரிகளைத் திரையில் தமிழில் போடுங்கள். போடும் முன் எழுத்துருவைச் சோதியுங்கள். சில எடிட்டிங் ஆப்களில் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும், 'கொ' என்பது மூன்று துண்டாக விழும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். 'நெஞ்சோடு' என்று அடித்துப் பாருங்கள். அது உடையாமல் வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக வரும். எழுத்தைத் திரையின் அடியில் வைக்காதீர்கள். கணக்குப் பெயரும் பொத்தான்களும் அதன் மேல் உட்காரும்.

ஒலியில் இன்னொன்று: போன் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாகக் கேட்காது. மிருதங்கத்தின் தொப்பி, ராப் பீட்டின் அடி பேஸ் எல்லாம் காணாமல் போகும். ஸ்டூடியோ ஸ்பீக்கரில் அதிர்ந்த பாட்டு ரீலில் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். பேஸைக் கூட்டினால் தீராது. அதற்கு லேசாக சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் எஃபெக்ட்) கொடுத்து மேல் ஒத்திசைகளை உண்டாக்கினால் சின்ன ஸ்பீக்கரிலும் அந்த அடி காதில் விழும். மிக்ஸை முடிக்கும் முன் போனில், இயர்போன் இல்லாமல், மின்விசிறி ஓடும் அறையில் ஒரு தடவை கேளுங்கள்.

ஒரே காணொளியை ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் போடலாமா?

போடலாம். ஒன்றிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றாமல், எடிட் செய்த மூலக் கோப்பையே இரண்டிலும் ஏற்றுங்கள். இன்னொரு தளத்தின் முத்திரை உள்ள காணொளியைப் பரப்பத் தளங்கள் தயங்கும்.

ஷார்ட்ஸின் பெரிய லாபம், அதிலிருந்து முழுப் பாட்டுக்குப் பாலம் போடலாம் என்பது. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலும் கருத்துகளிலும் போடும் இணைப்புகளைத் தொட்டால் திறக்காது. அதற்குப் பதிலாக யூடியூப் ஸ்டூடியோ ஆப்பில் 'தொடர்புடைய காணொளி' என்ற இடத்தில் முழுப் பாட்டைச் சேர்க்க வேண்டும். 'முழுப் பாட்டு கமெண்ட்டில்' என்று எழுதிவிட்டு யாரும் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டிக்டாக்?

நீங்கள் இந்தியாவில் இருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. மாற்று வழியில் நுழைந்து கணக்கு நடத்துவது வேண்டாத வேலை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் இருக்கும் தமிழ்க் கலைஞருக்கு முதல் தளமே அதுவாக இருக்கலாம். இந்தியாவில் இருப்பவரும் ஒன்று செய்யலாம்: டிஸ்ட்ரிபியூட்டரின் பட்டியலில் டிக்டாக்கை டிக் செய்துவிட்டால் பாட்டு அதன் நூலகத்துக்குப் போய்ச் சேரும். கிள்ளானிலோ ஸ்கார்பரோவிலோ ஒருவர் அதை எடுத்து ஆடினால் லாபம்தானே.

வெளிநாட்டுக் கேட்பவர்களை நம்பினால் நேரத்தையும் கணக்குப் போடுங்கள். இந்திய நேரம் இரவு 8 மணி என்றால் கோலாலம்பூரில் 10.30, லண்டனில் பருவத்தைப் பொறுத்து பிற்பகல் 2.30 அல்லது 3.30, டொராண்டோவில் காலை 9.30 அல்லது 10.30. ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு நேரலை வைத்தால் நான்கு ஊரிலும் ஆள் விழித்திருப்பார்கள்.

ஃபேஸ்புக், எக்ஸ், டெலிகிராம்?

பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, பழைய மெட்டில் புதுப் பாட்டு என்றால் ஃபேஸ்புக்கை விடாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய கேட்பவர் இன்னும் அங்கே இருக்கிறார், பகிரவும் செய்கிறார். உங்கள் பக்கத்தில் போடுவதைவிட ஊர்க் குழுக்களில் போடுவது பலன் தரும், குழுவின் விதியைப் படித்துவிட்டு. எக்ஸில் சினிமா ரசிகர்கள் உண்டு. பெயர் தெரியாத பாடகரின் பாட்டைத் தேடி அங்கே யாரும் போவதில்லை. டெலிகிராமில் கோப்பு தரம் குறையாமல் போகும் என்பதால் பீட் செய்பவர்கள் தங்களுக்குள் பரிமாற நல்லது.

ஸ்பாட்டிஃபை சமூகத் தளம் இல்லையே, அதை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

உண்மைதான், அங்கே ரசிகரோடு பேச முடியாது. ஆனால் பின்தொடர்பவருக்குப் புதுப் பாட்டைத் தானாகக் கொண்டு சேர்க்கும். அதற்கு 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்' வழியாக, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டும். வெளியான பாட்டைப் பரிந்துரைக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு நான்கு வாரம் முன்பே கொடுத்தால்தான் இதற்கெல்லாம் அவகாசம் இருக்கும். 'வெள்ளிக்கிழமை ரிலீஸ், புதன்கிழமை அப்லோடு' என்றால் இந்த வாய்ப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது. ஆகவே பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டுவதைவிட, ஆறு வாரத்துக்கு ஒன்று என்று விடுவது மேல்.

கலைஞர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் பாட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். சக்தி, கார்த்தி, முத்து போன்ற பெயர்களில் ஒரு 'எச்' கூடினாலும் குறைந்தாலும் தளம் உங்களை இரண்டு ஆளாக்கிவிடும். அதே பெயரில் வேறொருவர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழும். தனியாக 'கார்த்திக்' என்று வைத்துக்கொண்டால் இணையத்தில் யாராலும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஊர், இனிஷியல் ஏதாவது ஒன்றைச் சேருங்கள்.

கர்நாடக இசைக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், வேறு அளவில். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவிக்கு யூடியூப்தான் வீடு. ரீலுக்கு அதிலிருந்து ஆலாபனையின் தொடக்கத்தை வெட்டாதீர்கள். நிரவலில் வயலின் பதில் சொல்லும் இடம், மிருதங்கத் தனியில் மோரா என்ற முடிப்புக்குப் போகும் கடைசி ஆவர்த்தனம் போன்றவற்றை வெட்டுங்கள். ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் திரையில் எழுதுங்கள். ராகத்தின் பெயரால் தேடி வருபவர்தான் நின்று கேட்பவர்.

போனில் நேரலை செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பேச்சைத் தெளிவாக்கும் இரைச்சல் நீக்கிகள், மாறாமல் ஒலிக்கும் எதையும் ஏசி சத்தம் என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். மாறாமல் ஒலிப்பதுதானே தம்புராவின் வேலை? பாடும்போது சுருதி எட்டிப் பார்ப்பதும், மூச்சு விடும்போது அடங்கிப் போவதுமாகக் கேட்டால் காரணம் இதுவே. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடுங்கள். மற்றத் தளங்களில் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியிலிருந்து ஒலிபரப்புங்கள். அது முடியாதென்றால் நேரலையை விட்டுவிட்டுப் பதிவு செய்து போடுவது நல்லது.

அடுத்தது உரிமைக் கோரிக்கை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகள் யாருடைய சொத்தும் இல்லை. ஆனாலும் யூடியூபின் தானியங்கி அமைப்பு உங்கள் பாட்டை ஏதோ ஓர் ஆடியோ கம்பெனியின் பதிவோடு பொருத்திக் கோரிக்கை அனுப்பலாம். பயப்பட வேண்டாம், மறுத்து எழுதுங்கள்: இயற்றியவர் பெயர், காலம், பாடியவர், பக்கவாத்தியம், இது உங்கள் சொந்தப் பதிவு என்ற விவரம். கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கோரிக்கை வந்த 5 நாளுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் முடிவு தெரியும்வரை நிறுத்தி வைக்கப்படும், அவர்களுக்குப் போகாது.

எல்லாப் பழைய பாட்டும் பொது என்று எண்ணிவிடாதீர்கள். பாரதியார் பாடல்கள் 1949-இலும் பாரதிதாசன் படைப்புகள் 1990-இலும் அரசுடைமையாயின. வரிகளைத் தாராளமாகப் பாடலாம், ஆனால் சினிமாவில் அவற்றுக்குப் போட்ட மெட்டுக்கு உரிமை தனி. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை என்பதால் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

கானா, பறை, ராப்?

ஷார்ட்ஸும் ரீல்ஸும் முதல் இடம். ஸ்டூடியோ விளக்கைவிடத் தெருவில், ஆட்கள் சுற்றி நிற்க, ஒரே ஷாட்டில் எடுத்தது அதிகம் ஓடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கத் தோதாக 30 விநாடித் துண்டு ஒன்றைத் தனியாகக் கொடுங்கள்.

பெரிய யூடியூப் சேனல் ஒன்று 'எங்கள் சேனலில் போடுகிறோம்' என்று அழைத்தால் கையெழுத்துக்கு முன் மூன்றைப் பாருங்கள். பதிவின் உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, உங்கள் சேனலிலும் போடலாமா? ஐயாயிரம் ரூபாய்க்குப் பாட்டை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டால், அது கோடிப் பேரிடம் போனாலும் உங்கள் பெயரில் ஒரு சப்ஸ்கிரைபர்கூடச் சேர மாட்டார். 'வெளியீட்டு உரிமை மட்டும், இரண்டு ஆண்டு' என்று கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கிய பீட்டில் பாடினால் அந்தப் பாட்டை கன்டென்ட் ஐடியில், அதாவது யூடியூபின் தானியங்கி உரிமைக் கோரிக்கை அமைப்பில், பதிவு செய்யாதீர்கள். அதே பீட்டை வாங்கிய இன்னும் இருபது பேர் மேல் உங்கள் பெயரில் கோரிக்கை போகும். சண்டை உங்களோடுதான் வரும்.

சினிமாப் பாட்டு கவர் போட்டு ரசிகர் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், அளவாக. கவர் பார்க்க வருபவர் அந்தப் பாட்டுக்காக வருகிறார். உங்களுக்காக அவர் திரும்பி வர வேண்டுமானால் அதே வாரத்தில் உங்கள் பாட்டும் கண்ணில் பட வேண்டும். இரண்டு கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு என்ற கணக்குக்குக் கீழே போகாதீர்கள். போனால் சேனல் கவர் சேனலாகிவிடும், சொந்தப் பாட்டு போடும் நாளில் பார்வை பத்தில் ஒன்றாகும்.

வருமானம் பெரும்பாலும் உரிமையாளருக்கே போகும். படத்தின் அசல் இசைத்தடத்தை எடுத்து அதன் மேல் பாடினால் சிக்கல் கூடும், காணொளியே முடங்கலாம். நீங்களே வாசித்துப் பாடினால் ஆபத்து குறைவு. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கோரிக்கை விழுந்தால் முடக்கம் வர வாய்ப்பு உண்டு, ஆகவே கவர் ஷார்ட்ஸை 59 விநாடிக்குள் முடியுங்கள். கோரிக்கை வேறு, உரிமையாளர் புகார் கொடுத்துக் காணொளியை நீக்கவைக்கும்போது விழும் ஸ்ட்ரைக் வேறு. ஸ்ட்ரைக் 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

வாட்ஸ்அப்பில் எதைத் திறப்பது: குழுவா, சேனலா, பிராட்காஸ்ட்டா?

சேனல். குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் ரசிகர்கள் அதனாலேயே விலகுவார்கள், நான்காம் நாள் யாராவது 'குட் மார்னிங்' படம் போடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். சேனலில் பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது, எண்ணிக்கைக்கும் அந்த நெருக்கடி இல்லை.

ஒரு குறை: சேனலில் இருப்பவர்களை நீங்கள் வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே கச்சேரி வாசலில் கியூஆர் அட்டை வைக்கும்போது மின்னஞ்சல், ஊர் இரண்டை மட்டும் கேட்கும் ஒரு படிவத்தையும் வையுங்கள். 'ஊர்' என்ற கட்டம் அவசியம். கோவையில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே சின்ன அரங்கு பிடிக்கலாம்.

ஒரு பாட்டுக்கு எத்தனை பதிவு?

பாட்டு வருவதற்கு முன் மூன்று, வந்த பிறகு எட்டு முதல் பத்து. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, வெளியான மறுநாளே வாயை மூடிக்கொள்கிறார்கள். வாராவாரம் இரண்டு என்று ஒரு மாதம் ஓட்டுங்கள்: பல்லவி, சரணத்தின் ஒரு வரிக்குப் பொருள், கிட்டார் மட்டும், கூடப் பாடச் சொல்லி ஒரு துண்டு, கேட்டவர் ஒருவரின் கருத்துக்குப் பதில். ஒரே சட்டையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து வைத்தால் ஒரு ஞாயிறு போதும். நான்கு சட்டை கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிப் பார்க்கும் யூடியூப் பிரீமியர் வேண்டாம், குறைந்தது ஐம்பது பேராவது நேரத்துக்கு வருவார்கள் என்ற நிச்சயம் வரும்வரை. காலி அரங்கத்தைப் படம் பிடித்துக் காட்டுவது போல இருக்கும்.

பூஸ்ட் செய்யலாமா? பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறேன், மூவாயிரம் கொடு என்கிறார்களே?

இரண்டாவதற்கு ஒரே பதில்: வேண்டாம். அங்கே கேட்பது பெரும்பாலும் இயந்திரம். போலிக் கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள் அல்லது பாட்டையே இறக்கிவிடுவார்கள். திடீரென்று கேள்விப்படாத நகரம் ஒன்றிலிருந்து ஒரே நாளில் ஆயிரம் கேட்பு வந்தால், நீங்கள் காசு கொடுக்காவிட்டாலும் உடனே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதி வைத்துவிடுங்கள்.

பூஸ்ட், அதாவது காசு கொடுத்து விளம்பரமாகப் பரப்புவது, செய்யலாம், தானாகவே நன்றாக ஓடிய ரீலை மட்டும். ஓடாததை ஓடவைக்கக் காசு போட்டால் லைக் வரும், ஆள் வராது. நாளுக்கு 200 ரூபாய், ஐந்து நாள் போட்டுப் பாருங்கள். இடத்தைத் தமிழ்நாடு என்று சுருக்குங்கள், 'இந்தியா' என்று விட்டால் மொழி புரியாதவரிடம் பாதிப் பணம் போகும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

ரீலில் லைக்கைவிட, சேமித்தவரும் அனுப்பியவரும் எத்தனை என்று பாருங்கள். யூடியூபில், பார்ப்பவர் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும் வரைபடம் எந்த விநாடியில் சரிகிறது என்று பாருங்கள். முன்னிசையிலேயே பாதிப் பேர் போயிருந்தால் அடுத்த பாட்டில் முன்னிசையைக் குறையுங்கள். திரும்பி வரும் பார்வையாளர் எண் மாதாமாதம் கூடினால் தளம் சரி. மூன்று மாதம், பன்னிரண்டு பதிவு போட்டும் அசையவில்லை என்றால் தளத்தை மாற்றலாம். மூன்று வாரத்தில் மாற்றாதீர்கள்.

பணம் எப்போது வரும்?

யூடியூபில் விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையும் வேண்டும். 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் 3 பதிவு, 3,000 மணி நேரம் அல்லது 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வை இருந்தால் ரசிகர் நேரடியாகப் பணம் தரும் வசதிகள் கிடைக்கும். நீண்ட காணொளி விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. பாட்டு எழுதுபவரும் மெட்டமைப்பவரும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகிப் படைப்புகளைப் பதிவு செய்துவிடுங்கள். அந்த வழியில் வரும் ராயல்டியை டிஸ்ட்ரிபியூட்டர் தர மாட்டார்.

நாளைக்குத் தளமே மூடிவிட்டால்?

மூடும். சமூகத் தளமான ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. பாட்டுக் கேட்கும் ஆப்பான ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவை விட்டுப் போனது, அதே ஆண்டு அதே வகை ஆப்பான விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. மைஸ்பேஸ் மூடவில்லை, ஆனால் சர்வர் மாற்றத்தில் 2016-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் அழிந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. வேறெங்கும் நகல் வைக்காதவர்களின் பாட்டு அத்தோடு போயிற்று.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள்: 24 பிட் வேவ் மாஸ்டர், குரல் இல்லாத வடிவம், தனித்தனித் தடங்கள், அட்டைப்படம், வரிகள், யார் என்ன வாசித்தார்கள் என்ற குறிப்பு, ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி. எண். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில். மின்னஞ்சல் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி அதே ஃபோல்டருக்குப் பக்கத்தில் போடுங்கள்.